இறுவட்டின் சுமைக்கோடு

திருகோணமலைத் துறைமுகத்திலே, சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களின் பக்கத்தில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் தீட்டியிருப்பதைக் காணலாம். 1876ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்தால் கட்டாயமான சுமைக்கோடு அது. அக்கோடு நீரில் அமிழச் சரக்கேற்றலாகாது. இசையைச் சுமக்கும் இறுவட்டுக்கும் அத்தகைய கோடு ஒன்றுண்டு.

பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியை நம் முன்னோர் தட்டைத் திருப்பிப் போட்டே கேட்டனர். பிலிப்ஸும் சோனியும் 1980இல் விதி வகுக்க, 1982 ஒக்டோபர் 1ஆம் திகதி யப்பானில் விற்பனைக்கு வந்த இறுவட்டோ 74 நிமிடம் கொண்டது. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முழுதும் அடங்கவேண்டுமென்றே அவ்வளவு நேரம் வைத்தார்கள் என்று ஒரு கதை வழங்குகின்றது. பிலிப்ஸ் பொறியியலாளர் கீஸ் இம்மிங்க் அதை அப்படியே ஏற்கவில்லை. எப்படியாயினும், விடிய விடிய வாசிக்கும் நம் நாதசுர வித்துவான்களை எவரும் கலந்தாலோசிக்கவில்லை என்பது திண்ணம்!

1990இல் எழுதத்தக்க வட்டுக்கும் விதி பிறந்தது. பின்னர் வீட்டுக் கணினியிலேயே வட்டு எழுதும் காலம் வந்தது, ஆசையும் வளர்ந்தது. வட்டின் உள்ளிருந்து விளிம்பை நோக்கி ஒரே சுருள்வழியாக இசை எழுதப்படுகின்றது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர், விதி 1.5 வரை இடந்தருகின்றது. அச்சலுகையிற் பிறந்தவையே 80 நிமிட வட்டுகள். 90, 99 நிமிட வட்டுகளோ விதியை மீறிச் சுற்றுகளை நெருக்கின. வெற்று வட்டிற் பொறிக்கும் நீளக் குறிப்போ 80 நிமிடத்தைத் தாண்டாது. ஆதலால், அக்குறிப்பைப் பொருட்படுத்தாதே என்று எழுதுகருவிக்குக் கட்டளையிட்டே மிகுதியை எழுதவேண்டியிருந்தது.

எழுதிய கருவியில் அத்தகைய வட்டு பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடும். கோணேச்சரத் திருவிழாப் பதிவொன்றை இலண்டனிலுள்ள உறவினருக்கு அனுப்பிய பின்னரே குறை வெளிப்படும். அங்குள்ள கருவி வட்டை ஏற்க மறுக்கலாம். அல்லது இறுதிப் பகுதியில் தடுமாறலாம். விளிம்பிலேதான் பூச்சின் சீர் குறையும். விரல் படுவதும் அங்கேதான். கச்சேரியின் மங்களமும் அவ்விளிம்பிலேயே வந்து விழுகின்றது. இரண்டு வட்டுகளாகப் பிரித்து 74 நிமிடத்துக்குள் நிறுத்தியோர்க்கு இத்தொல்லை அரிது.

நெடுநேர வட்டுகளை இன்றும் பேணி வைத்திருப்போர், அவற்றைப் படிக்கும் கருவி பழுதுறுமுன்னரே, குறைந்த வேகத்தில் படியெடுத்துக்கொள்வது நன்று. கடைசிப் பாட்டை முதலில் எடுங்கள்.