கிழிந்த ஜவ்வும் ஒன்பது மாதமும்

நம் சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு வரும் பழைய ஆட்டக்காரர்கள் மாடிப்படி ஏறுவதைக் கவனித்தாலே போதும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் ஒரே காலை முன்னே வைத்து ஏறுகிறவர் பெரும்பாலும் கபடியோ ஃபுட்பாலோ ஆடியவராக இருப்பார். எங்கள் காலத்தில் "முட்டி போச்சுன்னா ஆட்டம் போச்சு" என்பதுதான் தீர்ப்பு. கொஞ்சம் எண்ணெய், ஒரு கட்டு, அப்புறம் ஓரமாக உட்கார்ந்து கைதட்ட வேண்டியதுதான். இன்றைய மாணவச் செல்வங்கள் ஸ்கேன் எடுத்து, ஆபரேஷனும் செய்துகொண்டு, "டாக்டர், எத்தனை மாசத்துல ஆடலாம்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு வைத்திய உலகம் சொன்ன பதில் பலமுறை மாறியிருக்கிறது. அது மாறிய கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்கே பிணைக்கும் ஜவ்வுகள் இரண்டு. அவற்றில் முன்னால் இருப்பதை ஏ.சி.எல். என்பார்கள். ஓடி வந்து சட்டென்று திரும்பும்போதும், எகிறிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும் கீழ்க்கால் முன்னே நழுவாமல் பிடித்துக்கொள்வது அதுதான். பல சமயம் எதிராளி தொடாமலே கிழிந்துவிடும். உள்ளே 'டப்' என்று ஏதோ அறுந்த சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். கொஞ்ச நாளில் வீக்கம் வடியும், நடக்கவும் முடியும். ஆனால் மைதானத்தில் இறங்கித் திரும்பினால் முட்டி காலை வாரிவிடும்.

இதை ஆபரேஷனில் முதன்முதலாகத் தைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர டாக்டர் மேயோ ராப்சன். ஆண்டு 1895. அவருடைய நோயாளி விளையாட்டு வீரர் அல்ல, சுரங்கத் தொழிலாளி. 1917இல் பிரிஸ்டல் நகரத்து ஹே குரோவ்ஸ் இன்னொரு படி மேலே போனார். கிழிந்ததைத் தைப்பதை விட்டு, தொடையின் பக்கவாட்டுச் சவ்விலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அதன் வழியே இழுத்துப் புது ஜவ்வாகப் பொருத்தினார். இன்றைய ஆபரேஷனுக்கும் அடிப்படை அதுதான். 1963இல் அமெரிக்கர் கென்னத் ஜோன்ஸ், முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள நாரின் நடுப்பகுதியை எடுத்து வைக்கும் முறையை எழுதினார். டோக்கியோவில் கென்ஜி தகாகி 1918இல் தொடங்கிய, முட்டிக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் வித்தையும் இதோடு வந்து சேர, 1980களில் சின்னத் துளை வழியாகவே வேலையை முடிக்கத் தொடங்கினார்கள்.

சரி, கத்தி தேர்ந்தது. ஆட்டக்காரன் திரும்பினானா?

அமெரிக்க ஃபுட்பாலில் கேல் சேயர்ஸ் என்று ஒரு மின்னல் ஓட்டக்காரர் இருந்தார். 1968 நவம்பரில் வலது முட்டியின் ஜவ்வுகள் கிழிந்தன. ஆபரேஷன் செய்து, விடாமல் பயிற்சி எடுத்து, அடுத்த ஆண்டே இறங்கி 1,032 கெஜம் ஓடி அந்த சீசனில் முதலிடம் பிடித்தார். ஊரே கொண்டாடியது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அடிபட்ட ஆண்டில் ஓட்டத்துக்குச் சராசரி 6.2 கெஜம் ஓடியவர், திரும்பி வந்த ஆண்டில் 4.4 கெஜம்தான் ஓடினார். 1970இல் இடது முட்டியும் போயிற்று. ஆள் திரும்பினார், அந்த மின்னல் திரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் ஆபரேஷன் முடிந்ததும் காலை மடக்கிய நிலையில் மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள். வைத்த ஜவ்வு அறுந்துவிடக் கூடாதே என்ற பயம். கட்டைப் பிரித்தால் முட்டி இறுகிப்போய் நீட்ட வராது, தொடை சூம்பிக் கிடக்கும். இண்டியானாபோலிஸ் நகரத்து டாக்டர் டொனால்ட் ஷெல்போர்ன் இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தார். சொன்னபடி கேட்காமல், கட்டைக் கழற்றிவிட்டு நடந்து திரிந்த அடங்காப் பிள்ளைகள், ஒழுங்காகப் படுத்திருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்! வேறொருவராக இருந்தால் திட்டி அனுப்பியிருப்பார். இவர் அதையே பாடமாக எடுத்துக்கொண்டார். முதல் நாளிலிருந்தே முட்டியை முழுசாக நீட்டு, காலை ஊன்றி நட, நாலிலிருந்து ஆறு மாதத்தில் ஆடு என்று 1990இல் தன் புதிய முறையை வெளியிட்டார். மாவுக்கட்டுக் காலம் முடிந்தது.

ஆனால் அந்த 'நாலு மாதம்' என்ற பேச்சு கோச்சுகளின் காதுக்குத் தேனாகப் போய்விட்டது. இங்கேதான் வினை. பொருத்திய நார் முதலில் ரத்த ஓட்டமில்லாத வெறும் கயிறு. அதற்குள் புதிதாக ரத்தக் குழாய் வளர்ந்து, உயிர் பிடித்து, ஜவ்வாக மாற மாதக்கணக்கில் ஆகும். இடையில் அது வைத்தபோது இருந்ததைவிடப் பலவீனமாகிறது. வலி போய், வீக்கம் வடிந்து, "எனக்கு ஒண்ணுமில்ல சார், டீம்ல போடுங்க" என்று பையன் துள்ளுகிற நேரமும் ஏறக்குறைய அதுவே.

அமெரிக்காவின் டெலவேரிலும் நார்வேயின் ஆஸ்லோவிலும் 106 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2016இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்பது மாதம் வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முட்டியில் அடிபடும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. தொடை வலுவையும் ஒற்றைக் கால் தாவலையும் அளக்கும் சோதனைகளில் தேறாமலே ஆடப் போனவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு மறுபடி அடிபட்டது. தேறியவர்களில் 5.6 சதவீதம்தான்.

மனசு என்று ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்ல வேண்டும். 2014இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, 81 சதவீதம் பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதமே. முட்டி சரியாகியும் மறுபடி அறுந்துவிடுமோ என்ற பயம் பலரை விடவில்லை.

நம் நாட்டு வினேஷ் போகத்தை எல்லோருக்கும் தெரியும். 2016 ரியோவில் முட்டி போய் ஸ்ட்ரெச்சரில் போனவர், 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். 2023 ஆகஸ்டில் இடது முட்டிக்கு ஆபரேஷன். ஒரு வருஷம் நிறைவதற்குள் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் மூன்று பேரைச் சாய்த்து இறுதிச் சுற்றுக்கு வந்தார். மறுநாள் 100 கிராம் எடை அவரைத் தடுத்தது, முட்டி தடுக்கவில்லை. அதே பாரிஸில் பாட்மிண்டன் வீராங்கனை கரோலினா மரின், 2019இல் ஒரு முட்டியும் 2021இல் மறு முட்டியும் கிழிந்து இரண்டு தடவை மீண்டு வந்தவர், அரையிறுதியில் முன்னணியில் இருந்தபோது வலது முட்டி மறுபடி போய் அழுதபடி வெளியேறினார்.

தம்பி, தங்கைகளே, மேலே சொன்ன தாவல் சோதனைக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு, ஓர் அளவு நாடா. நல்ல காலில் ஒற்றைக்காலாகத் தாவி எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆன கால் அதில் 90 சதவீதமாவது தாவ வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சரி சொன்ன பிறகு, அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தாவிப் பாருங்கள். தொடை வலுவை அவர் தனியாக அளப்பார். அந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி வாங்கி, டீம் லிஸ்ட் ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் கோச்சிடம் கொடுங்கள்.