மிஸ் இந்தியா பட்டமும் தமிழ்நாடும்

உலக அழகி போன்ற பன்னாட்டுப் போட்டிகளுக்கு இந்தியாவின் சார்பில் செல்லும் பெண்ணைத் தேர்ந்தெடுப்பது மிஸ் இந்தியா போட்டி. பெயர் ஒன்றுதான், நடத்தியவர்கள் காலந்தோறும் மாறினார்கள். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டின் மிஸ் இந்தியா, கல்கத்தாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த திரைப்பட நடிகை பிரமிளா. எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம் என்பது அவருடைய இயற்பெயர். இருபது ஆண்டுகள் கழித்து, 1967இல், அவருடைய மகள் நக்கி ஜஹானும் மிஸ் இந்தியா ஆனார்.

பன்னாட்டு மேடையில் இந்தியாவின் கதை சென்னையில் பிறந்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. இந்திராணி ரஹ்மான் 1930இல் இங்கே பிறந்தார். தந்தை இந்திய வேதியியலாளர். தாய் ராகினி தேவி, இந்திய நடனத்தின் மீது கொண்ட பற்றால் இங்கு வந்து சேர்ந்த அமெரிக்கப் பெண். பந்தநல்லூர் மரபின் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்ற இந்திராணி, கட்டடக் கலைஞர் ஹபீப் ரஹ்மானை மணந்து, ஒரு பெண் குழந்தைக்குத் தாயான பிறகுதான் மிஸ் இந்தியா ஆனார். 1952 ஜூனில் அமெரிக்காவின் லாங் பீச் நகரில் முதல் பிரபஞ்ச அழகிப் போட்டி நடந்தது. மகுடம் ஃபின்லாந்தின் ஆர்மி கூசெலாவுக்குப் போனது. நீச்சலுடையிலும் நெற்றியில் பொட்டு வைத்து, தலையில் பூச்சூடி நின்ற இந்திராணியின் படங்களோ இன்றும் பார்ப்பவரை நிறுத்திவைக்கின்றன. அவருடைய பெரும்பணி அதற்குப் பின்னர்தான் தொடங்கியது. ஒடிசி நடனத்தை வெளிநாட்டு மேடைகளுக்குக் கொண்டுபோனார். 1969இல் பத்மஸ்ரீ பெற்றார். நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் கற்பித்தார். 1999இல் அந்நகரிலேயே காலமானார். அழகிகளின் வரிசையைச் சொல்லும்போது, இந்தியா இரு மகுடங்களை வென்ற 1994க்கு முன்னால் போகாதவர்கள் இவரை இழந்துவிடுகிறார்கள்.

அறுபதுகளில் இரண்டு மகளிர் இதழ்கள் போட்டியைக் கையில் எடுத்துக்கொண்டன. ‘ஈவ்ஸ் வீக்லி’ தேர்ந்தெடுத்தவர் உலக அழகிப் போட்டிக்குச் சென்றார். ‘ஃபெமினா’ தேர்ந்தெடுத்தவர் பிரபஞ்ச அழகிப் போட்டிக்கு. 1964இன் முதல் ஃபெமினா மிஸ் இந்தியா மெஹர் காஸ்டெலினோ. இரண்டே ஆண்டுகளில் மறுதரப்பு முந்திக்கொண்டது: மும்பை மருத்துவ மாணவி ரீட்டா ஃபாரியா 1966 நவம்பரில் லண்டனில் உலக அழகி ஆனார். ஆசியாவிலிருந்து அப்பட்டத்தை வென்ற முதல் பெண் அவர். பிறகு திரைப்பட வாய்ப்புகள் பக்கம் திரும்பாமல் படிப்பை முடித்து மருத்துவரானார். 1970இல் ஜீனத் அமான் ஆசிய பசிபிக் அழகிப் பட்டத்தை வென்றார். உலக அழகி, பிரபஞ்ச அழகிப் பட்டங்களிலோ நீண்ட இடைவெளி.

1994 எல்லாவற்றையும் மாற்றியது. மே மாதம் மணிலாவில் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி. நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் ஐஸ்வர்யா ராய் உலக அழகி. தேசியப் போட்டியில் சுஷ்மிதாவுக்கு அடுத்த இடத்தில் வந்தவர்தான் ஐஸ்வர்யா. இந்த அலையில் தமிழ்த் திரையுலகம் தனி இடம் பிடித்தது. ஐஸ்வர்யாவின் முதல் படம் மணிரத்னத்தின் ‘இருவர்’ (1997). அதே ஆண்டு ‘ரட்சகன்’ படத்தில் சுஷ்மிதா. 2000ஆம் ஆண்டின் உலக அழகி பிரியங்கா சோப்ராவின் முதல் படமும் தமிழ்தான். விஜய்யுடன் நடித்த ‘தமிழன்’ (2002). அதே 2000இல் பிரபஞ்ச அழகியான லாரா தத்தா ‘அரசாட்சி’யில் நடித்தார்.

எதிர்ப்பும் இதே காலத்தில் கிளம்பியது. 1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடக்கவிருந்தபோது இடதுசாரி, வலதுசாரி அமைப்புகள் இரண்டுமே வீதிக்கு வந்தன. பெண்ணுடல் சந்தைப்பொருளாகிறது என்றது ஒரு தரப்பு. பண்பாடு சீரழிகிறது என்றது மற்றது. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். நீச்சலுடைச் சுற்றை செய்ஷெல்ஸ் தீவுகளுக்கு மாற்றிவிட்டு, பலத்த காவலுடன் நவம்பர் 23 அன்று இறுதிச் சுற்றை நடத்தினார்கள். அந்த மரணத்தைச் சொல்லாமல் இப்போட்டியின் வரலாற்றைத் தமிழில் எழுத முடியாது.

தேசிய மேடைக்குப் பல படிகள் உண்டு. நகர அளவிலான பட்டங்கள் அவற்றில் கீழ்ப்படி. சேலத்தின் பெயரில் அப்படி ஒரு பட்டம் இருந்தது. 1999இல் ‘மிஸ் சேலம்’ ஆனவர் நடிகை த்ரிஷா. அதே ஆண்டில் சென்னைப் பட்டத்தையும் வென்றார். 2001 மிஸ் இந்தியா மேடையில் அவருக்குக் கிடைத்தது அழகிய புன்னகைக்கான விருது மட்டுமே. அந்த ஆண்டு வென்று பிரபஞ்ச அழகிப் போட்டிக்குச் சென்றவர் செலினா ஜேட்லி. மறு ஆண்டே த்ரிஷா கதாநாயகியாக நடித்த ‘மௌனம் பேசியதே’ படம் வெளியானது. மகுடம் கிட்டாத அந்தச் சேலத்து அழகி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்த் திரையில் கதாநாயகியாகத் தொடர்கிறார்.

2017 முதல் ஃபெமினா மாநிலவாரியாகப் போட்டியாளர்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. பெருநகரங்களில் வாழாத பெண்களுக்கும் இதனால் வழி திறந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டின் சார்பில் நின்ற திருச்சிப் பெண் அனுக்ரீத்தி வாஸ், 2018 ஜூன் 19 அன்று மும்பையில் மகுடம் சூடினார். சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தவர் அவர். மகுடத்தை அணிவித்தவர் முந்தைய ஆண்டின் உலக அழகி மானுஷி சில்லர். டிசம்பரில் சீனாவின் சான்யாவில் நடந்த உலக அழகிப் போட்டியில் அனுக்ரீத்தி முதல் 30 பேரில் ஒருவராக வந்தார். 2022இல் விஜய் சேதுபதியுடன் ‘டிஎஸ்பி’ படத்தில் நடித்தார்.