தங்கசேரிக் கோட்டையும் தமிழ் அச்சும்

கேரளத்தின் கொல்லம் நகரை ஒட்டிய தங்கசேரிக் கடற்கரையில், போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய புனித தோமையார் கோட்டை இன்று சிதைந்த சுவர்களாகவே எஞ்சியுள்ளது. 1661-இல் டச்சுக்காரர் வசமும் 1795-இல் ஆங்கிலேயர் வசமும் இது சென்றது. காண வருவோர் இதனை மிளகு வாணிகப் போட்டியின் சின்னமாக மட்டுமே கருதுவர்.

தமிழாய்வாளருக்கோ இக்கோட்டை வேறொன்றையும் உணர்த்துகிறது. முத்துக்குளித்துறைக் கிறித்தவர்களுக்கென அண்டிரிக் அடிகளார் உருவாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில்தான் அச்சேறியது. 1554-இல் லிஸ்பனில் வெளிவந்த தமிழ் நூல் உரோமன் எழுத்தில் அமைந்திருக்க, பதினாறு பக்கமே கொண்ட இச்சிறுநூல் தமிழ் எழுத்திலேயே அமைந்தது. கோவாவில் 1577-இல் வார்த்த அச்செழுத்துகளோடு கொல்லத்தில் 1578-இல் வார்த்தவையும் இதில் காணப்படுகின்றன. இந்நூல் வெளிவந்த நாளில் நிமிர்ந்து நின்ற கோட்டையின் எச்சங்களைத் தமிழ் அச்சு வரலாற்றோடு இணைத்துக் காண்பதே முறையாகும்.