ஊரறிந்த துப்பாக்கி

குடகில் ஒரு வெடி கேட்டால் எந்த வீட்டிலோ ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு வெடி கேட்டால் சாவு. சித்தாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் என் அப்பா ரைட்டர் வேலை பார்த்தார். தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பம் எங்களுடையது. லைன் வீட்டில் வளர்ந்த எங்களுக்கும் அந்தக் கணக்கு அத்துப்படி. இரட்டை வெடி கேட்டால் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, சத்தம் எந்தப் பக்கத்து மேட்டிலிருந்து வந்தது என்று பார்ப்பார். பக்கம் தெரிந்தால் வீடு தெரிந்துவிடும். யார் யார் முடியாமல் கிடக்கிறார்கள் என்பது ஏற்கெனவே ஊருக்குத் தெரியும். ஆள் விட்டுச் சொல்லி அனுப்ப வேண்டிய தேவையே இல்லை.

பிறகு கம்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். மாமனாரிடம் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. மலையடிவாரத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக அவருடைய அப்பா காலத்தில் லைசென்ஸ் எடுத்தது, எல்லாம் சட்டப்படிதான். ஆனாலும் மாமியார் எனக்குச் சொன்ன முதல் புத்திமதிகளில் ஒன்று, "பக்கத்து வீட்டுல மூச்சு விட்றாத தாயி" என்பது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அதைக்கூடப் பழைய வேட்டியில் சுற்றி, விடியும் முன்னே கொண்டுபோனார்கள்.

துப்பாக்கி வைத்திருக்கிறவர் அதை அக்கம்பக்கத்தாரிடம் பேசலாமா, கூடாதா? லைசென்ஸ் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி இன்றும் இருக்கிறது. பேசாமல் இருப்பதுதான் பத்திரம் என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். இரண்டு ஊரிலும் வாழ்ந்து பார்த்த நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்பதற்குக் குடகின் பழைய கதையைத்தான் சொல்ல வேண்டும்.

நம்மூர் போலத் தெருத்தெருவாக வீடுகள் அமைந்த நிலமல்ல குடகு. நடுவில் பள்ளத்தாக்கு வயல், அதன் ஓரத்து மேட்டில் ஒரு வீடு, அடுத்த மேட்டில் இன்னொன்று. அங்கே வாழும் கொடவர் சமூகத்தின் ஒவ்வொரு குலத்துக்கும் 'ஒக்க' என்று பெயர். ஒக்கவின் பூர்வீக வீடு 'ஐன்மனை'. ஓர் ஐன்மனையில் கூப்பிட்டால் அடுத்த ஐன்மனைக்குக் கேட்காது. ஜூன் தொடங்கி மூன்று மாதம் அடைமழை வேறு. அந்த நிலத்தில் ஒரு வீட்டின் சேதி இன்னொரு வீட்டை எட்ட வேண்டுமானால் வெடிதான் வழி. பிறப்புக்கும் சாவுக்கும் துப்பாக்கி வந்து சேர்ந்தது இந்த நில அமைப்பால் என்று நான் நம்புகிறேன். ஆண் குழந்தை பிறந்தால் ஆமணக்குத் தண்டில் ஒரு சின்ன வில்லும் அம்பும் செய்து பச்சைப்பிள்ளையின் கையில் தொட்டு வைப்பார்கள். வெளியே ஒரு வெடி போடுவார்கள். பெண் குழந்தைக்கு அந்த மரியாதை இருக்கவில்லை. அது அந்த வழக்கத்தின் குறைதான். நான் அதை மறைக்கப் போவதில்லை.

துப்பாக்கிக்கென்று ஒரு பண்டிகையே அங்கே உண்டு. செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் வரும் கைல்போது. நாற்று நட்டு முடிக்கும் வரை ஆயுதங்களுக்கு வேலை கிடையாது. அவை வீட்டின் தெய்வ அறையில், 'கன்னி கொம்பரெ'யில், இருக்கும். நடவு முடிந்ததும் ஒரு நாள் குறித்து வெளியே எடுத்துத் துடைத்து, விளக்கின் முன் வரிசையாக வைத்து, சந்தனம் பூசி, பூச்சூட்டுவார்கள். அந்தப் பூ நம்முடைய செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் அங்கே 'தோக் பூ', அதாவது துப்பாக்கிப் பூ. பூசை முடிந்ததும் குடும்பத்தின் மூத்தவர் துப்பாக்கியை எடுத்து இளையவர் கையில் கொடுப்பார். கொடுக்கும்போது புத்தி சொல்வார்: வலியப் போய்ப் பகை தேடாதே, வந்த பகைக்கு ஒதுங்காதே என்கிற வகையில். பிறகு கடம்புட்டு என்னும் அரிசி உருண்டையும் பன்றிக்கறியும். சாப்பாட்டுக்குப் பின் ஊரார் ஒரு மைதானத்தில் கூடி, மர உச்சியில் கட்டிய தேங்காயைச் சுடுவார்கள். யாருக்குக் கை நிதானம், யார் தடுமாறுகிறார், யாருடைய துப்பாக்கி பழசாகிவிட்டது என்பதெல்லாம் அந்த ஒரு பிற்பகலில் ஊருக்கே தெரிந்துவிடும்.

அறுவடைப் பண்டிகையான புத்தரியில் இன்னொரு வெடி. நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ வரும் முழுநிலாவை ஒட்டிய இரவில், குறித்த நேரத்தில் வயலில் முதல் கதிரை அறுக்கும்போது வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார்கள். "பொலி பொலி தேவா" என்ற குரல் வயல் முழுக்க எழும். பள்ளத்தாக்கின் அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் வெடி கேட்டுக்கொண்டே இருக்கும். எந்தெந்த வீட்டில் கதிர் ஏறிவிட்டது என்று எங்கள் லைன் வாசலில் உட்கார்ந்து எண்ணுவோம்.

பழங்காலத்தில் புலியைச் சுட்டவனுக்குக் கல்யாணமே நடத்தினார்கள். 'நரி மங்கல' என்று பெயர். கொடவர் பேச்சில் நரி என்றால் புலி. மூங்கில் சட்டத்தில் புலியைத் தொங்கவிட்டு, சுட்டவனை மாப்பிள்ளைக் கோலத்தில் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். ஊரார் ஒவ்வொருவராக வந்து அட்சதை போட்டு, பால் கொடுத்து, காசு வைத்து வணங்கிப் போவார்கள். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வேட்டைக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அந்தச் சடங்கு ஒன்றைக் காட்டுகிறது: குண்டு யாருடைய குழலிலிருந்து புறப்பட்டது என்பதை ஊர் முழுக்க வந்து பார்த்துச் சாட்சியாக நின்றது. இந்தப் பாட்டுகளையும் சடங்குகளையும் நடிகேரியண்ட சின்னப்பா திரட்டி, 1924இல் 'பட்டோலே பழமே' என்ற நூலாகக் கொண்டுவந்தார். எம்.என். ஸ்ரீநிவாஸ் குடகர்களின் சமயமும் சமூகமும் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வு 1952இல் வந்தது.

நாடு முழுக்க ஆயுதம் பறிபோன காலத்தில் குடகில் மட்டும் எப்படி மிஞ்சியது என்ற கேள்விக்கு, நம் தெற்குச் சீமையிலிருந்து பதில் சொல்லத் தொடங்க வேண்டும். கட்டபொம்மன் 1799இலும், மருது சகோதரர்கள் 1801 அக்டோபரிலும் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையங்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மீறினால் கடும் தண்டனை. திருநெல்வேலி, மதுரை, சிவகங்கைச் சீமைகளில் வீட்டுக்கு வீடு இருந்த ஆயுதம் அத்தோடு போயிற்று. எஞ்சியது பரணுக்கும் வைக்கோற்போருக்கும் அடியில் போயிருக்கும். அன்று தொடங்கிய பயத்தின் மிச்சத்தைத்தான் என் மாமியார் குரலில் கேட்டேன் என்று தோன்றுகிறது.

குடகின் போக்கு வேறு. ஹாலேரி வம்சத்தின் கடைசி அரசர் சிக்க வீரராஜேந்திரனை 1834இல் கம்பெனியார் இறக்கிவிட்டு நாட்டை எடுத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளில், 1837இல், அமர சுள்ளியப் பகுதியில் விவசாயிகளின் கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்குவதில் கொடவர்களில் ஒரு பகுதியினர் கம்பெனிக்குத் துணை நின்று பதக்கம் பெற்றார்கள். 1857 எழுச்சிக்குப் பின் இந்தியர்களின் ஆயுதங்களைப் பறிக்கச் சட்டம் வந்தபோது, 1861இல் ஆங்கிலேய ஆணையர் மார்க் கப்பன் காலத்து அறிவிக்கை ஒன்று குடகர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தது. 1878இன் ஆயுதச் சட்டம் வந்த பிறகும் விலக்கு தொடர்ந்தது. ஆளும் அரசுக்கு விசுவாசமாக இருந்ததற்குக் கிடைத்த சலுகை இது. பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்தே பேச வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் 1959இன் ஆயுதச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1963இல் வந்த அறிவிக்கை, குடகு இனத்தாருக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு தந்தது. ஜம்மா என்பது அரசனுக்குப் படைச்சேவை செய்வதற்காகக் கொடுத்த பரம்பரை நிலம். கொடவர் அல்லாத சில சமூகத்தாரிடமும் அது உண்டு. விலக்குக்கு வரம்பும் உண்டு. மாவட்டத்துக்கு வெளியே போகும்போது ஒரு ரைபிளும் நூறு தோட்டாவும், ஒரு சாதாரணத் துப்பாக்கியும் ஐந்நூறு தோட்டாவும்தான். இந்தச் சலுகை சமத்துவத்துக்கு எதிரானது என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2021 செப்டம்பரில் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. 2019இல் புதுப்பித்தபடி 2029 வரை அது நடப்பில் இருக்கும்.

எங்கள் லைனில் யாரிடமும் துப்பாக்கி இல்லை. பூர்வகுடிகளான எரவர்களிடமும் இல்லை. ஆயுதம் உள்ளவரும் இல்லாதவரும் அடுத்தடுத்து வாழும்போது, 'நாங்கள் வெளிப்படையாகத்தான் இருக்கிறோம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் வந்துவிடும். ஒன்று நம்பிக்கை, மற்றது மிரட்டல். கூலித் தகராறு நடக்கும் நாளில் சுவரில் மாட்டிய துப்பாக்கியைப் பார்த்தபடி ஒரு தொழிலாளி என்ன பேசுவார்? அதனால்தான், குடகில் எல்லாம் சரி என்று சொல்ல எனக்கு மனம் வராது. பன்றி என்று நினைத்து இருட்டில் சுட்டு ஆள் விழுந்த சேதிகளும் அந்த மலைநாட்டில் உண்டு. கொண்டாட்டத்துக்காக ஆகாயத்தில் சுடுவது அந்த ஊரில் மரபு; பொதுவாக நாட்டில் அது உயிர் குடிக்கும் பழக்கமாகிவிட்டது. 2019 சட்டத் திருத்தம், கொண்டாட்டத்தில் கண்மூடித்தனமாகச் சுட்டு மற்றவர்க்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

இத்தனை குறைகளுக்குப் பின்னும் குடகின் வழக்கத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு வீட்டில் துப்பாக்கி இருப்பது ரகசியமாக இருந்ததில்லை. எப்போது வெளியே வரும், எதற்காகச் சத்தம் எழுப்பும், யார் கையில் இருக்கும் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரிந்ததால் ஊருக்குக் கேட்கும் உரிமையும் இருந்தது. நேரங்கெட்ட நேரத்தில் வெடி கேட்டால், மறுநாள் காலை யாராவது ஒரு பெரியவர் அந்த வீட்டு முற்றத்துக்கு வந்து, "ராத்திரி என்ன சத்தம்?" என்று கேட்பார். பதில் சொல்லியே ஆக வேண்டும். குடித்துவிட்டுத் துப்பாக்கியை எடுக்கிறவன், மனம் உடைந்து கிடக்கிறவன், கோபக்காரன் என்று தெரிந்தால், சொந்தக்காரர்களே அதைக் கொஞ்ச நாள் வேறு வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். தாலுகா ஆபீஸ் ஃபைல் இந்த வேலையைச் செய்யாது. லைசென்ஸ் தருகிற அதிகாரி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் பார்க்கிறார்.

கம்பத்திலோ, மாமனாருக்கு வயதாகிக் கண் மங்கிய பிறகும் அவர் இரவில் துப்பாக்கியோடு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். போகாதீர்கள் என்று உரிமையோடு தடுக்கக்கூடிய பக்கத்துத் தோட்டக்காரருக்கு அது தெரியவே தெரியாது. வீட்டில் நாங்கள் சொன்னால் அவர் காதில் ஏறாது. ரகசியம் எங்களைக் காத்தது என்று நான் ஒருநாளும் உணரவில்லை. அவரைத் திருத்தக்கூடிய ஆட்கள் குறைந்துபோனதைத்தான் உணர்ந்தேன்.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குடகிலும் அப்படி இல்லை. கைல்போது அன்று துப்பாக்கியை ஊர் பார்க்கும். அது இருக்கும் கன்னி கொம்பரெ எல்லாரும் கால் வைக்கிற இடம் அல்ல. எங்கே பூட்டி வைத்திருக்கிறோம், சாவி யாரிடம், தோட்டா எத்தனை, விலை என்ன என்பவை வெளியே போகக் கூடாத பேச்சு. டீக்கடையில் பெருமைக்காகப் பேசுவதும் கல்யாண வீட்டில் எடுத்துக் காட்டுவதும் கூடாது. திருடனை அழைப்பதும் அயலாரை மிரட்டுவதும் அந்தப் பேச்சுத்தான்.

ஆனால் அடுத்த தோட்டக்காரரிடம், "எங்கிட்ட லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு. இன்னிக்கு ராத்திரி பன்னிக்கு வெடி போடுவேன், அந்தப் பக்கம் வந்துறாதீங்க" என்று சொல்வது கடமை. நம் வீட்டுக்கு விளையாட வரும் பிள்ளையின் தாயிடம், "இப்படி ஒண்ணு இருக்கு, தோட்டா தனியா, துப்பாக்கி தனியா பூட்டி வச்சிருக்கோம்" என்று சொல்வதும் கடமை. அவர் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்றால் அது அவர் உரிமை. கோபப்படாமல் ஏற்றுக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

என் கணவர் காலத்தில் அந்த லைசென்ஸைப் புதுப்பித்தபோது, நானே இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டார் ஏற்கெனவே தெரியும் என்றார்கள். இன்னொரு வீட்டு அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சாவி குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்தானே இருக்கிறது என்று கேட்டார். ஆம் என்றேன். அந்தக் கேள்வியை அவர் அதற்குப் பிறகும் அவ்வப்போது கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படிக் கேட்கிற ஓர் அயலார் வேண்டும். நாம் சொன்னால்தான் அவர் கேட்க முடியும்.