திரையைக் கேட்டறிந்த வரலாறு

1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிக்கணினிக்கு, தன்னோடு இணைந்த திரை எத்தகையது என அத்திரையிடமே கேட்டறியும் வழி இல்லை. தாய்ப்பலகையின் ஐந்தாம், ஆறாம் சிறு விசைகளை மனிதர் கையால் அமைத்தனர். கணினி தொடங்கும்போது அவற்றைப் படித்து, ஒற்றை நிறமா பல நிறமா எனத் தீர்மானித்தது. ஒற்றை நிறத் திரைக்கு விசை தவறினால் திரையே பழுதாகலாம் என்று கையேடு எச்சரித்தது.

1987இல் வந்த விஜிஏ இணைப்பில் திரையின் வகையைச் சுட்டும் முனைகள் இடம்பெற்றன. 1994இல் வெசா அமைப்பு வகுத்த நெறிமுறைக்குப் பின் திரையே தன்னை அறிவிக்கிறது: தயாரிப்பாளர், அளவு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் நிறப்பண்புகள் யாவும் 128 பைட்டுக் குறிப்பில் அடங்கும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களின் பேச்சை ஆராய்வோர்க்கு இவ்வேறுபாடு முக்கியமானது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடும் வெளியிலிருந்து அமைக்கப்பட்ட விசையே. அதை மட்டும் படித்து ஒரு வீட்டின் மொழியை முடிவுசெய்தால், அங்கே வழங்கும் தமிழ் நம் ஏடுகளில் பதிவாகாமலே போகும். பேசுவோரைக் கேட்டே எழுத வேண்டும்.