இறையும் இறைவனும்: வரிக்காசு பற்றிய திருமொழிக்கு உரை

மத்தேயு நற்செய்தி 22-ஆம் அதிகாரத்து 15 முதல் 22 வரையுள்ள வசனங்களுக்கு ஈண்டுப் பொருள் உரைக்கப்படும். மாற்குவும் லூக்காவும் இந்நிகழ்ச்சியைக் கூறினர். களம் எருசலேம் ஆலயம். காலம் இயேசு பாடுபடுவதற்குச் சில நாள் முன்.

வினவினோர்: பரிசேயரின் சீடரும் ஏரோதியரும். பரிசேயர் திருச்சட்டத்தில் ஊன்றி நின்றோர். ஏரோதியர் உரோம ஆட்சியை அண்டி வாழ்ந்த ஏரோது குலத்தின் சார்பினர். கொள்கையால் மாறுபட்ட இருதிறத்தாரும் ஒருங்கு வந்தமையின், இவ்வினா அறியும் வேட்கையான் எழாது அகப்படுத்தும் வஞ்சத்தான் எழுந்தது என்பது பெற்றாம்.

வினா: இராயனுக்கு வரி இறுத்தல் முறையோ, அன்றோ என்பது. இராயன் என்றது சீசரை; அந்நாள் ஆண்டவன் கி.பி. 14 முதல் 37 வரை அரசிருந்த திபேரியு. வரி என்றது தலைவரியை. கி.பி. 6-இல் யூதேயா உரோமரின் நேராட்சிக்கு உட்பட்டுக் குடிமதிப்பு எடுக்கப்பட்ட காலை, கலிலேயனாகிய யூதா அதனை எதிர்த்துக் கிளர்ந்தான். ஆகலின், இறுக்க என்பின் மக்கள் வெறுப்பர். இறுக்கற்க என்பின் ஆளுநன் ஒறுப்பான்.

காசைக் காட்டுமாறு இயேசு பணித்தது: அவ்வெள்ளித் தெனாரியம் கூலியாள் ஒருவனின் ஒருநாட் கூலி. அதனைக் கொணர்ந்தோர் வினவினோரே. இராயனது காசை வழங்கிக்கொண்டே அவனுக்கு இறுத்தல் தகுமோ என ஐயுறுதல் பொருந்தாது என்பது குறிப்பு.

சுரூபமும் மேலெழுத்தும்: சுரூபம் என்றது முகவடிவை; மேலெழுத்து என்றது அதனைச் சூழப் பொறித்த எழுத்தை. திபேரியுவின் காசு அவனைத் தெய்வமாகிய அகுஸ்துவின் மகன் என்றது. வரி கேட்கும் அரசு வழிபாட்டையும் அவாவியமை அக்காசிலேயே காணப்படும்.

செலுத்துதல்: வினவினோர் ‘கொடுத்தல்’ என்றனர். ஆண்டவரோ ‘இராயனுடையதை இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்துங்கள்’ என, உரியவனுக்குத் திருப்பி இறுத்தல் என்னும் பொருள்பட விடையிறுத்தார்; கிரேக்க மூலத்தும் வினைகள் இரண்டும் வேறு. வரி கொடையன்று, கடன் என்றவாறு. அவர் வரி கொடாதவாறு தடுத்தார் என ஆளுநனாகிய பிலாத்துவின்முன் சாட்டிய குற்றம் பொய்யென்பதும் இதனாற் போந்தது.

தேவனுக்கும்: வினாவில் தேவன் இல்லை, கேளாததனைக் கூட்டி உரைத்தமையின் விடையின் உயிர்நிலை இதுவே என்க. இருவரையும் உம்மை கொடுத்து எண்ணினமையின் இருவரும் ஒப்பர் கொல் எனின், ஒவ்வார். இராயன் வடிவு பொறித்தது காசு. தேவசாயல் பெற்றது யாதெனின், மனிதன் என ஆதியாகமம் முதல் அதிகாரம் கூறும். ஆகலின் காசு இராயனுக்கும் மனிதன் தேவனுக்கும் உரிமையாம். முற்காலக் கிறிஸ்தவ ஆசிரியராகிய தெர்த்துல்லியனும் இக்கருத்தினர். இராயனும் மனிதனே ஆகலின், அவனும் தேவனுக்குரியவற்றுள் அடங்குவன்.

அற்றேல், உரோமருக்கு எழுதிய நிருபம் 13-ஆம் அதிகாரத்துப் பவுல் அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியப் பணித்தது முரணாதோ எனின், முரணாது. ஆள்வோனை அவர் தேவ ஊழியன் என்றார். ஊழியன் தலைவனது இருக்கையை வேண்டின் அவ்வளவில் அவனுக்குக் கீழ்ப்படிதல் ஒழியும். பேதுருவும் பிற அப்போஸ்தலரும் ஆலோசனைச் சங்கத்தின்முன் மனிதரினும் தேவனுக்கே கீழ்ப்படிதல் வேண்டும் என்றது இது பற்றி. சிமிர்னாவின் ஆயராகிய பொலிக்கார்ப்பும் ஆள்வோர்க்குரிய மதிப்பை மறுத்திலர். கிறிஸ்துவைப் பழிக்குமாறு ஏவியபோதோ மறுத்து உயிர் துறந்தார்.

கற்போர் கடைப்பிடிக்க: வரியும் மதிப்பும் அரசுக்கு மறாது இறுக்க, வழிபாடும் மனச்சான்றும் எவ்வரசுக்கும் இறுக்கற்க.