எழுச்சி: பள்ளியறையிலிருந்து பாசறைக்கு

மார்கழி விடியலில் தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டுப் பக்கக் கோயில் ஒலிபெருக்கிகள் திருப்பள்ளியெழுச்சி போடும். கடைத்தெருச் சுவரொட்டியிலோ ஏதாவதொரு கட்சித் தலைவர் ‘எழுச்சியுரை’ ஆற்ற வருவார். அங்கே எழ வேண்டியது சாமி, இங்கே ஆசாமி.

வேர் ‘எழு’தான். மாணிக்கவாசகரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் இறைவனைத் துயிலெழுப்பினார்கள். ஆனால் சொல்லில் படைவாடையும் உண்டு. கம்பராமாயணத்தில் தயரதனின் சேனை மிதிலைக்குக் கிளம்பும் பகுதி எழுச்சிப் படலம். போவது கல்யாணத்துக்குத்தான், இருந்தாலும் தேரும் யானையும் புறப்பட்டால் அது எழுச்சி.

பாரதியார் ‘பாரத மாதா திருப்பள்ளியெழுச்சி’ பாடியபோது சாமியின் இடத்தில் நாடு வந்து அமர்ந்தது.

ஈழப் போரில் அந்தச் சொல்லே விடுதலைப் புலிகளின் ‘எழுச்சிப் பாடல்’ ஆனது. சனம் ‘இயக்கப் பாட்டு’ என்றது. மேடை அறிவிப்பில் எழுச்சிப் பாடல். புதுவை இரத்தினதுரையும் காசி ஆனந்தனும் எழுதினார்கள், எஸ். ஜி. சாந்தன் பாடினார். வாணி ஜெயராம் போன்ற திரைக்குரல்களும் ஒலித்தன. ஒலிநாடாவாகவும், பிறகு ‘இறுவட்டு’ எனப்பட்ட குறுந்தகடாகவும் பாட்டுகள் பரவின. 1990 நவம்பரில் தொடங்கிய ‘புலிகளின் குரல்’ வானொலி அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

பாட்டுக்குத் துணையாக ஒரு சொற்கூட்டமே பிறந்தது. போராளியின் சடலம் ‘வித்துடல்’. புதைப்பது ‘விதைப்பது’. புதைத்த இடம் ‘துயிலும் இல்லம்’. துயில்பவர் எழுவார், விதைத்தது முளைக்கும் என்ற நம்பிக்கையைச் சொல்லே ஊட்டிவிடும். நாற்றங்காலில் விதை தெளிக்கும் ஒரத்தநாட்டு விவசாயிக்கு முளைப்பு கண்ணெதிரே தெரியும் உண்மை. துயிலும் இல்லத்தில் அது பரப்புரை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வாயை அடைக்கவும் பயன்பட்டது.

இலங்கை அரசும் சும்மா இருக்கவில்லை. சிங்களத்தில் ‘ரணவிரு’, அதாவது போர்வீரன், என்ற சொல் பாட்டிலும் பதாகையிலும் நிறைந்தது. போர் முடிந்ததும் துயிலும் இல்லங்களை இராணுவம் இடித்துத் தள்ளியது.

பாட்டு எவ்வளவு தூரம் எழுப்பியது? போரின் கடைசி ஆண்டுகளில் வன்னியில் புலிகள் வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகப் பிடித்தார்கள், சிறுவர்களும் தப்பவில்லை. தானாக எழுந்து வருபவரைப் பிடித்திழுக்க வேண்டியதில்லை. அங்கேயே அந்தச் சொல் பொய்த்துவிட்டது.

தஞ்சையை ஒட்டிய விளாரில் 2013 நவம்பரில் ஈழப் போரில் இறந்தோர் நினைவாக முள்ளிவாய்க்கால் முற்றம் திறக்கப்பட்டது. சில நாளிலேயே அதன் சுற்றுச்சுவரை அதிகாரிகள் இடித்தார்கள். எழுச்சிப் பாடல் எழுதிய புதுவை இரத்தினதுரை 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்ததாகக் குடும்பத்தார் சொல்கிறார்கள். அதன்பின் அவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை.